அறுபத்தோராம் நாள்

தீர்ப்பு பதினொரு பக்கம்.
பீலியைப் பற்றி அதில் மூன்றே வரி.
மிச்சமெல்லாம் நாட்கணக்கு.

கண்டியில், குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில்
இரண்டு நீதிபதிகள் விரல் மடக்கியிருக்கிறார்கள்:
நூரளைத் தீர்ப்பு வந்த நாளை விட்டு
அடுத்த நாள் ஒன்று,
தீபாவளியும் சேர்த்தி, இரண்டு போயாவும் சேர்த்தி,
அறுபதாம் நாள் செவ்வாய்.
மனுவின் மேல் விழுந்த முத்திரையோ புதன்.
ஆகவே தள்ளுபடி.
செலவு பற்றிக் கட்டளை இல்லை.

"கேஸ் நமக்குத்தான்" என்றார் லோயர் அம்மா,
அடுத்த கேஸ் கட்டைத் தேடியபடி.

மேல் கால் ஏக்கர் லூர்துராஜுக்கு,
கீழ் கால் ஏக்கர் எனக்கு.
பீலி அவன் காணியில் ஊறுகிறது.
பதினான்கு வருஷம் என் அரை இஞ்சிக் குழாயில்
யாரையும் கேட்காமல் இறங்கி வந்தது தண்ணீர்.
ஒரு கோடையில்
அவன் உருளைக்கிழங்கைச் செதுக்கிக் குழாயை அடைத்தான்.
கிழங்கு அழுகிப்போனது.
படம் மட்டும் ‘வ 4’ என்று அடையாளமிடப்பட்டு
இன்னும் கோப்பில் இருக்கிறது, புத்தம் புதிதாக.

தவணைக்குத் தவணை
ராகலையிலிருந்து ஒரே பஸ், அவனும் நானும்.
அதைவிட்டால் வேறு பஸ் இல்லை.
ரம்பொடை வளைவுகளில் எனக்குக் குமட்டும்.
பின் சீற்றிலிருந்து ஒரு கை
எலுமிச்சம்பழம் நீட்டும்.
முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்
ஐந்து வருஷத்துக்கு முந்தியது.
விடியப்புறம் கந்தப்பளைக்கு இந்தப் பக்கம்
மண்மேடு இறங்கி றோட்டை மூடியது.
பஸ் இல்லை.
சந்தியில் நின்றான் லூர்துராஜ்.
உரப்பைக்குள் உரப்பை, அதற்குள்
அவன் லோயர் கேட்ட சத்தியக்கடதாசி, முத்திரைக் காசு.
நான் பட்டா லொறியில் லீக்ஸ் ஏற்றிக்கொண்டு
தோட்டத்து உள்றோட்டால் போய்க்கொண்டிருந்தேன்.
பக்கத்துச் சீற்று காலி.
கை காட்டினான்.
மழை அவனை அழித்தது.
வைப்பர் துடைத்துக் காட்டியது.
மறுபடி அழித்தது, மறுபடி காட்டியது.
கியரை மாற்றினேன்.

அறுபதாம் நாள் என்று தெரியுமா எனக்கு?
தெரியாது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.
எங்கள் வீட்டுக் கலண்டரில்
அந்த ஒரு செவ்வாயைச் சுற்றி நீலப் பேனை வட்டம்.
எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன்
அப்போது நான் ஒருவன்தான்.

அவன் லோயர் மண்சரிவைச் சொல்லித்தான் வாதாடினார்.
கிராம சேவகரின் கடிதமும் காட்டினார்.
ஒன்பதாம் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.
லோயர் அம்மா தமிழில் சொன்னார்:
அன்று ராகலைப் பக்கத்து மரக்கறி
நூரளைச் சந்தைக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவு உண்டு.
ஆகையால் பயணம் முற்றாக இயலாததாய் இருந்தது என்று
இம்மன்று கருதவில்லை.

எத்தனை லொறி என்று எழுதவில்லை.
ஒன்றுதான்.
என் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.
என் லீக்ஸ் இருக்கிறது.

திரும்பும்போதும் அதே பஸ்.
கம்பளை வரை பேச்சில்லை.
புசல்லாவையில் கூட்டம் இறங்கியதும்
முன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
"ஒன்பதாம் பக்கம் வாசிச்சியா?"

"அது இங்கிலீஷ்ல இருக்கு" என்றேன்.

"ஓ" என்றான்.
யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டான்.
ரம்பொடை வந்தது.
சட்டைப் பைக்குள் கையை விட்டான்.